சபிஹா சொன்ன வானம்

நீடாமங்கலத்தில் அந்தத் தெருவிலிருந்து யார் திருச்சி விமான நிலையத்துக்குப் போனாலும் முதலில் நஃபீசாவைக் கேட்டுவிட்டுத்தான் வேன் பேசுவார்கள். எந்த டிரைவர் வழிநெடுக டீக்கு நிறுத்துவான், எந்த வேனில் பெட்டி கட்டுகிற கேரியர் உறுதியாக இருக்கும், வெளியே வருகிற வாசலில் எந்தப் பக்கம் நின்றால் வருகிறவன் முகம் முதலில் தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பி ஜெக்கரியா ஷார்ஜாவுக்குப் போன நாளிலிருந்து அவனை ஏற்றிவிடவும் இறக்கிக் கூட்டிவரவும் அவள்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அம்பதைத் தொட்ட வயது. இளம் வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், தாயும் தகப்பனும் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கினாள். தம்பி அனுப்புகிற ஃபாரின் சாமான்களை வீட்டில் வைத்து விற்றாள். சென்ட்டு, தைலம், நைட்டி, டப்பாப் பால். இப்போது அதெல்லாம் தஞ்சாவூர்க் கடைகளிலேயே தொங்குகிறது என்று ஆனபிறகு, சூரத்திலிருந்து சுடிதார்த் துணி வரவழைத்து விற்கத் தொடங்கிவிட்டாள். அவள் யோசித்து நின்று யாரும் பார்த்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குப் பெண் பார்த்தபோதும் அப்படித்தான். முத்துப்பேட்டையில் சபிஹாவைப் பார்த்தாள். பெண் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் என்றார்கள். அங்கேயே பேசி முடித்துவிட்டாள். ஊருக்கு வந்து ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க தம்பிக்குப் பாத்திருக்கிற பொண்ணு பி.எஸ்சி. அதுவும் இயற்பியல்." இயற்பியல் என்றால் என்னவென்று கேட்டவர்களுக்கு, "பெரிய படிப்பு" என்று சொல்லிச் சமாளித்தாள்.

கல்யாணமாகி வந்தபிறகு அந்தப் பெரிய படிப்புக்கு வீட்டில் என்ன வேலை இருந்தது என்றால், மருந்துப் பாட்டிலில் தேதி பார்க்கிற வேலையும், ஃபாரின் கிரீம்களில் எது தலைக்கு எது முகத்துக்கு என்று படித்துச் சொல்கிற வேலையும்தான். சபிஹா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பொதுவாகவே அதிகம் பேசாத பெண். புருஷன் கூப்பிடுவது போலவே நஃபீசாவை அவளும் லாத்தா என்றே கூப்பிடுவாள். சொன்ன வேலையைச் செய்வாள். நாலு வயது மகள் ஷமாவுக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் எதையாவது மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அது என்ன என்று நஃபீசா காது கொடுத்துக் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்த அந்த வாரத்தில், இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஜெக்கரியா விடுப்பில் வந்தான். கொழும்பு வந்து அங்கே விமானம் மாறித் திருச்சிக்கு வர வேண்டும். விடிவதற்கு முன்பே ரெத்தினத்தின் வேனில் மூன்று பேரும் ஏறினார்கள். தஞ்சாவூர் தாண்டுகிறவரை ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. ஷமா, "அத்தா எங்க, அத்தா எங்க" என்று கேட்டுக் கேட்டு வல்லம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

விமான நிலையத்தில் போய் நின்றபிறகுதான் தெரிந்தது, கொழும்பிலிருந்து விமானம் கிளம்பவே இல்லை. சாயங்காலம் நாலு மணி ஆகும் என்றார்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், பேராவூரணி என்று பல ஊர்களிலிருந்து வந்திருந்த குடும்பங்கள் வெயிலில் நிழல் தேடி உட்கார்ந்தன. நஃபீசாவிடம் நைட்டி வாங்குகிற கூத்தாநல்லூர் மும்தாஜும் அங்கே இருந்தாள். அவள் மகனும் அதே விமானத்தில்தான் வருகிறானாம்.

எழுந்துவிட்ட ஷமா சிணுங்க ஆரம்பித்தாள். ரெத்தினம் பீடியை அணைத்துவிட்டு வந்தான்.

"இப்படியே உக்காந்திருந்தா புள்ள வாடிப் போயிரும் அக்கா. இந்த ரோட்டுலயே கொஞ்ச தூரம் போனா கோளரங்கம் இருக்கு. உள்ள ஏசி. போன மாசம் மன்னார்குடி சவாரி ஒண்ணை அங்க கூட்டிப்போனேன். பகல்லயே நட்சத்திரம் காட்டுறாங்க."

"நட்சத்திரம் பாக்க டிக்கெட்டா? நம்ம மாடியில பாய் போட்டுப் படுத்தாத் தெரியாதா?" என்றாள் நஃபீசா.

"போவலாம் லாத்தா," என்றாள் சபிஹா.

நஃபீசா திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் தனக்கென்று ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கேட்டதே இல்லை.

"காலேஜ்ல படிக்கறப்ப சென்னையில இருக்கிற கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனாங்க. எங்க வூட்ல என்னை விடலை. எல்லாரும் போயிட்டு வந்து சொன்னாங்க," என்றாள் சபிஹா.

"வண்டியை எடு ரெத்தினம்," என்றாள் நஃபீசா. மும்தாஜும் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு அதே வேனில் ஏறிக்கொண்டாள்.

கோளரங்கத்து வாசலில் வெள்ளைச் சட்டையும் காக்கி நிஜாரும் நீலப் பாவாடையுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கலைந்து நின்றார்கள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள். குஞ்சிதபாதம் என்ற அவர்களுடைய ஆசிரியர் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தமிழ்க் காட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. இப்போது இங்கிலீஷ். அடுத்த தமிழ்க் காட்சிக்கு மத்தியானத்துக்கு மேல் ஆகும். அவர்களுடைய பஸ்ஸோ முக்கொம்பும் கல்லணையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும்.

"சரி, பரவாயில்லை. கண்ணால பாத்துக்கட்டும்," என்று சொல்லி அந்தக் காட்சிக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

உள்ளே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளைக் கூரை. அதன் கீழே வட்டமாக நாற்காலிகள். நஃபீசா உட்கார்ந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சட்டென்று சபிஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படித்தான் லாத்தா. சாஞ்சுக்குங்க. மேலதான் பாக்கணும்," என்றாள் சபிஹா.

விளக்குகள் மெல்ல மங்கின. கூரையின் ஓரத்தில் மேற்கே சூரியன் இறங்கியது. வானம் சிவந்து, ஊதாவாகி, கறுத்தது. மக்ரிப் தொழுகை நேரம் வந்துவிட்டது போல நஃபீசாவின் கை தானாக முந்தானையை இழுத்துத் தலையை மூடியது. அப்புறம் நட்சத்திரங்கள் வந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் கூரை முழுக்க நிறைந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. மாடியில் பார்க்கிற வானம் இல்லை இது. தெரு விளக்கும் புகையும் இல்லாத, அவள் சின்ன வயதில் மின்சாரம் வராத வயற்காட்டில் பார்த்த வானம்.

ஒரு கனத்த ஆண்குரல் இங்கிலீஷில் பேசத் தொடங்கியது. வானத்தில் கோடுகள் தோன்றின, மறைந்தன. வட்டங்கள் சுழன்றன. குரல் பேசிக்கொண்டே போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நெளியத் தொடங்கினார்கள். யாரோ யாரையோ கிள்ள, யாரோ சிரிக்க, வாத்தியார் இருட்டில் அதட்டினார்.

"என்னா புள்ள சொல்றாரு?" என்று நஃபீசா கேட்டாள்.

சபிஹா அவள் காதருகே குனிந்தாள். "நட்சத்திரம் எல்லாம் சூரியன் மாதிரிதானாம் லாத்தா. ரொம்பத் தூரத்துல இருக்கறதால புள்ளியாத் தெரியுது. நம்ம சூரியனே அவ்வளவு தூரம் போனா இப்படித்தான் புள்ளியாயிரும்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை திரும்பியது. "அக்கா, இன்னொருக்க சொல்லுங்க."

சபிஹா சொன்னாள். குரல் இன்னும் அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் நாற்காலிக் கையில் தலையைச் சாய்த்து இவள் பக்கம் காது கொடுத்தார்கள். இங்கிலீஷ்க் குரல் ஒன்று சொல்லி நிறுத்துகிற இடைவெளியில் இவள் தமிழில் சொன்னாள். அவர் வியாழன் கோளைச் சொன்னார். இவள், "நம்ம பூமி மாதிரி ஆயிரத்துக்கும் மேல உள்ள போட்டு அடைச்சாலும் இடம் இருக்கும்" என்றாள். ஒரு வரிசை போய் இரண்டு வரிசை ஆனது. நெளிந்துகொண்டிருந்த பிள்ளைகள் அந்த இரண்டு வரிசையில் மட்டும் அசையாமல் இருந்தார்கள்.

பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் பேசாம இருங்க, ப்ளீஸ். நாங்களும் கேக்கணும்ல," என்றார்.

சபிஹா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நஃபீசாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஆளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அவர் இங்கிலீஷ்க் காட்சி என்று கேட்டுத்தானே டிக்கெட் வாங்கியிருப்பார். மிச்சக் காட்சி முழுக்க அந்த முன்வரிசைப் பெண்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

விளக்கு வந்ததும் குஞ்சிதபாதம் நேரே இவர்களிடம் வந்தார்.

"தமிழ்ல சொன்னது யாரும்மா?"

சபிஹா எழுந்து நின்றாள். "மன்னிச்சுக்குங்க சார். தொந்தரவா இருக்கும்னு தோணலை."

"மன்னிப்பு எதுக்கும்மா. இந்த ரெண்டு வரிசை மட்டும்தான் சத்தமில்லாம இருந்துச்சு. மத்ததெல்லாம் என் பிராணனை வாங்கிட்டுதுங்க. நான் தமிழய்யா. எனக்கு நட்சத்திரம்னா அசுவினி பரணின்னு இருபத்தேழுதான் தெரியும்." அவர் திரும்பி, நடுவில் கருவிகளுக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் போனார்.

காட்சியை இயக்குகிறவர் அவர். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். பேசினால் காற்றுதான் வந்தது. "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு சார். இல்லேன்னா நானே நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இப்ப சாப்பாட்டு நேரம். ஒரு கால் மணி நேரம் இன்னைக்கு ராத்திரி வானத்தைப் போட்டுக் காட்டலாம். சொல்றதுக்கு ஆள் வேணுமே."

வாத்தியார் சபிஹாவைக் காட்டினார். இயக்குகிறவர் மைக்கைக் கையில் எடுத்து, "நீங்க சொல்றீங்களாம்மா?" என்றார்.

சபிஹா மைக்கைப் பார்த்தாள். அப்புறம் நஃபீசாவைப் பார்த்தாள்.

நஃபீசாவுக்கு அந்த ஒரு கணத்தில் என்னென்னவோ ஓடியது. அவர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் மைக்கைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் மைக் ஆண்கள் பக்கம் இருக்கும். பெண்கள் பக்கத்துக்கு ஒயர்கூட வராது. இரண்டு நாற்காலி தள்ளி மும்தாஜ் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் கூத்தாநல்லூர் முழுக்கத் தெரிந்துவிடும், அங்கிருந்து நீடாமங்கலத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும். தம்பி வேறு வந்து இறங்கப் போகிறான். அவன் என்ன சொல்வானோ.

ஆனால் அவள் காதில் சற்று முன்னால் கேட்ட அந்தக் குரல் இன்னும் இருந்தது. ஷமாவுக்குச் சோறு ஊட்டும்போது இந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் போலிருக்கிறது. ஆறு வருஷமாக அடுப்படியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"புள்ளையை எங்கிட்ட குடு. பையையும் குடு," என்றாள் நஃபீசா.

"மச்சான் ஏதாச்சும் சொன்னா?"

"அவனை வளத்தவ நான். போ."

விளக்குகள் மறுபடி அணைந்தன. மைக்கில் முதலில் ஒரு கீச்சொலி. அப்புறம் மெல்ல, "பிஸ்மில்லா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது. அதை ஏதோ முகமன் என்று நினைத்த பிள்ளைகள் ஒட்டுமொத்தமாக, "வணக்கம் அக்கா" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் சபிஹாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் குரலில் நடுக்கம் இல்லை.

"உங்க ஊர்ல அறுப்பு ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு."

"அப்பன்னா சாயங்காலம் களத்துல நெல்லு குவிச்சிருப்பாங்க. நீங்க அந்தக் குவியல் பக்கத்துல நின்னு கிழக்கே பாக்கறீங்க. வரிசையா மூணு நட்சத்திரம். ஒட்டி ஒட்டி இருக்கும். தெரியுதா?"

இயக்குகிறவர் ஒரு சின்ன வெளிச்ச அம்பை அந்த மூன்றின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அது ஒரு வேட்டைக்காரனோட இடுப்பு வார். மேல ரெண்டு தோள், கீழ ரெண்டு கால். இப்ப அந்த மூணையும் ஒரு கோடா நினைச்சுக்கிட்டு அப்படியே மேல ஏறுங்க. செவப்பா ஒண்ணு இருக்கா? அது ரோகிணி. இன்னும் கொஞ்சம் ஏறுங்க. கொத்தா இருக்கே, அது கார்த்திகை."

"ஆஹா," என்று இருட்டில் குஞ்சிதபாதம் சொன்னது கேட்டது. இத்தனை வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பெயர்களை அவர் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறார் போலிருந்தது. "சார், நான் ரோகிணி நட்சத்திரம்," என்று ஒரு பெண்பிள்ளை சொன்னது.

"உன் நட்சத்திரத்தைப் பாத்துக்க," என்றாள் சபிஹா. "அதுலேருந்து வர்ற வெளிச்சம் கிளம்பி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அது கிளம்பினப்ப உங்க தாத்தா பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்திருப்பாங்க. வர்ற வழியெல்லாம் எங்கயும் நிக்காம வந்து, இப்பத்தான் உங்க கண்ணுல விழுது. அதுக்குப் பக்கத்துல மினுக்காம ஒண்ணு இருக்கு பாருங்க. அது நட்சத்திரம் இல்லை. சனி."

"ஐயோ, சனியா," என்றது ஒரு குரல். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பயப்படாதீங்க. அது யாரையும் ஒண்ணும் செய்யாது. வளையம் போட்டுக்கிட்டு அது பாட்டுக்கு அழகாச் சுத்திக்கிட்டு இருக்கு."

அம்பு மேற்கே போனது. அங்கே, சூரியன் இறங்கிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கீற்றாகப் பிறை தெரிந்தது. அதைப் பார்த்ததும் நஃபீசாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. மடியில் ஷமா தூங்கிப்போயிருந்தாள். பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டே சற்று நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"ஏம்மா, நோன்புப் பெருநாளைக்கு அங்க ஷார்ஜாவுல மட்டும் ஒரு நாள் முன்னாடியே பிறை தெரியுதே, அது ஏன்?"

வருஷா வருஷம் நடக்கிற கதை அது. இங்கே இவர்கள் கடைசி நோன்பில் இருக்கும்போது தம்பி ஃபோனில் கூப்பிட்டு, "எங்களுக்கு இன்னைக்குப் பெருநாள் லாத்தா" என்பான். அவன் குரலில் பெருநாளும் இவள் நாக்கில் நோன்புமாக, ஒரு நாள்கூடச் சேர்ந்து கொண்டாட விடவில்லையே இந்த ஷார்ஜா என்று நினைத்துக்கொண்டு ரிசீவரை வைப்பாள். இது ஏன் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் என்று நினைத்ததும் இல்லை.

"நல்ல கேள்வி லாத்தா," என்றாள் சபிஹா மைக்கில். லாத்தா என்ற சொல் அந்தக் கூரை முழுக்கச் சுற்றி வந்தது. "நிலா சூரியனை விட்டு நேரம் ஆக ஆகக் கிழக்குப் பக்கமா வெலகிக்கிட்டே போகுது. போதுமான தூரம் வெலகினாத்தான் பிறை கண்ணுக்குப் படும். இங்க சூரியன் அடையற நேரத்துக்குச் சில மாசம் அது வெலகினது பத்தாது. நம்ம கண்ணுக்கு மாட்டாமப் போயிரும். ஆனா ஷார்ஜாவுல சூரியன் அடைய இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. அந்த ஒண்ணரை மணி நேரத்துல இன்னும் கொஞ்சம் வெலகிரும். அங்க தெரிஞ்சிரும். நாம மறுநாள் வரைக்கும் காத்திருக்கணும். ஒரே நிலாதான். பாக்கற நேரம்தான் வேற."

"அல்லா," என்று மும்தாஜ் பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னாள். "இதுவா விஷயம்."

நஃபீசா மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவினாள். இயற்பியல் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரிய படிப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அது இதுதான். அந்தக் கணத்தில், வேன் வேனாக ஆட்களை ஏற்றி வந்து நீடாமங்கலம் முழுவதையும் இந்த நாற்காலிகளில் உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இது எங்கள் வீட்டுப் பெண், நான் போய்ப் பார்த்துக் கொண்டுவந்த பெண் என்று ஒவ்வொருவர் காதிலும் சொல்ல வேண்டும்.

கால் மணி நேரம் என்றது அரை மணி நேரமாகிவிட்டது. விளக்கு வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டி நிறுத்திவிட்டு மறுபடி தட்டினார்கள். பேசாமல் இருங்கள் என்று சொன்னவரும் போகாமல் உட்கார்ந்திருந்தார். பாபநாசத்துக்காரர், பெயர் விஸ்வா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். மனைவியோடு எழுந்து வந்தார்.

"அப்ப நான் அப்படிச் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கே இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை. நீங்க எந்தக் காலேஜ்ல லெக்சரர்?"

சபிஹா பதில் தேடுவதற்குள் நஃபீசா சொன்னாள். "இதுவரைக்கும் எங்கயும் இல்லை தம்பி."

குஞ்சிதபாதம் பிள்ளைகளை வரிசையில் விட்டுவிட்டு ஓடி வந்தார். "அம்மா, எங்க பள்ளிக்கூடத்துல இன்னும் முன்னூறு புள்ளைங்க இருக்கு. இங்க வர முடியாததுங்க. இந்தச் சனிக்கிழமை அறிவியல் மன்றம் கூடுது. நீங்க வந்து இதே மாதிரி பேசணும். இந்த மாதிரிக் கூரை எல்லாம் கிடையாது. கரும்பலகைதான் இருக்கு."

சபிஹா மறுபடி நஃபீசாவைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறாரு. என்னை ஏன் பாக்கறே?" என்றாள் நஃபீசா.

சபிஹா வாத்தியார் பக்கம் திரும்பினாள். அப்புறம், "வர்றேன் சார். சாயங்காலம் வெச்சுக்குங்க. இருட்டினதும் புள்ளைங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போயிரலாம். கரும்பலகை வேணாம்," என்றாள். நஃபீசா இதை எதிர்பார்க்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து ஜெக்கரியா வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கயிறு கட்டிய பெட்டிகளுக்குப் பின்னால் கொஞ்சம் மெலிந்து, காதோரம் நரைத்து வந்தான். நஃபீசா முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். ஆனால் மும்தாஜ் முந்திவிட்டாள். தன் மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே, "தம்பி, உம் பொண்டாட்டி இன்னைக்கு மைக்கைப் புடிச்சு வானத்தையே இறக்கிக் காட்டிட்டா. லாத்தாகிட்ட கேளு," என்றாள்.

ஜெக்கரியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "மைக்குலயா?" என்றான். மனைவியைப் பார்த்தான். அப்புறம் அக்காளிடம் குரலைத் தாழ்த்தி, "ஆம்பளைங்கள்லாம் இருந்தாங்களா லாத்தா?" என்றான்.

"இருந்தாங்க. வாயைத் தொறக்காம கேட்டுக்கிட்டு இருந்தாங்க," என்றாள் நஃபீசா. "நீயும் இருந்திருந்தா அப்படித்தான் கேட்டிருப்பே. பெட்டியை ஏத்து."

எல்லாரும் வேனில் ஏறினார்கள். ஷமா அவனைப் பார்த்துப் பயந்து சபிஹாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தஞ்சாவூர் வந்தபோதுதான் அவன் நீட்டிய சாக்லேட்டை வாங்கினாள். நஃபீசா முன்சீட்டிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறை விஷயத்தை இரண்டு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது ஒரு இடத்தில் தடுமாறினாள். பின்னாலிருந்து சபிஹா எடுத்துக்கொடுத்தாள். திருத்துறைப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டதையும் நஃபீசா சொன்னாள். ஜெக்கரியா, "ம்" என்றான். அந்த ம்-க்கு என்ன அர்த்தம் என்று நஃபீசாவுக்கே பிடிபடவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. வந்து நிற்கிற ரயிலுக்கு எஞ்சின் மாற்றுகிறவரை திறக்க மாட்டார்கள். முன்னால் பஸ்களும் லாரிகளும் நெல்மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் நின்றன. இருட்டிவிட்டிருந்தது. ரெத்தினம் வண்டியை அணைத்தான். ஜெக்கரியா இறங்கி, ரோட்டோரம் வயல் பக்கமாகப் போய் நின்றான். பின்னாலேயே சபிஹா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நஃபீசா வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷார்ஜாவுல நாங்க தங்கியிருக்கிற கேம்ப்ல எங்க ரூம் ஏசி கெட்டுப் போயிரும்," என்றான் ஜெக்கரியா. "ஊர்பட்ட ஏசியை நான் ரிப்பேர் பண்ணுவேன். எங்க ரூமுது மட்டும் ஓடாது. மொட்டை மாடியில போய்ப் படுப்போம். இதே வானம்தான் தெரியும். பதினாலு வருஷமாப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். ஒண்ணுக்கும் பேர் தெரியாது."

சபிஹா ஷமாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"லாத்தா சொல்லி எனக்கு ஒண்ணும் விளங்கலை," என்றான் அவன். "நீ சொல்லு. எது ரோகிணி?"

சபிஹா கையை நீட்டிக் காட்டினாள். கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் அப்போதுதான் மேலேறியிருந்தன. அவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் விரல் போன பக்கம் பார்த்தான். "எங்க? இதுவா?" "இல்லை, அதுக்கு மேல. செவப்பா." "ஆமா, ஆமா." பக்கத்து டிராக்டரில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "அந்த வெள்ளையா பளிச்சுனு இருக்கறது எதும்மா?" என்று கேட்டார். சபிஹா திரும்பி, தயங்காமல், "வியாழன்" என்றாள். அப்புறம் அவருக்கும் கேட்கும்படி சற்று உரக்கவே சொல்லத் தொடங்கினாள். ஜெக்கரியா அவளைத் தடுக்கவில்லை. பிள்ளையை அவளிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். ஷமா இப்போது பயப்படவில்லை.

நஃபீசா கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அவளுக்கு இதெல்லாம் இப்போது தெரிந்த விஷயம். இருந்தாலும் கேட்டாள்.

ரயில் போய், கேட் மேலே ஏறியது. வண்டிகள் ஒவ்வொன்றாக எஞ்சினைப் போட்டன. ஜெக்கரியா பிள்ளையோடு வேனில் ஏறி உட்கார்ந்து, முன்சீட்டின் பக்கம் குனிந்தான்.

"திருத்துறைப்பூண்டிக்கு என்னைக்குப் போவணும் லாத்தா?"

"சனிக்கிழமை சாயங்காலம். நீயும் வா," என்றாள் நஃபீசா. "அவ பேசி முடிக்கற வரைக்கும் புள்ளையை யாராச்சும் வெச்சுக்கணும்ல. நான் முன்வரிசையில உக்காரணும்."